கோல் விழுந்ததும் துள்ளியெழத் தயங்கும் காலம்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, வேப்பமரத்தடியில் நம் வாலிபர்கள் சிலர் உரத்த குரலில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். முந்தின இரவு தொலைக்காட்சியில் பார்த்த இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டத்தில் ஒரு கோல் மறுக்கப்பட்டதாம். என்னைக் கண்டதும் ஒருவன், “ஐயா, நீங்களே சொல்லுங்கள். வி.ஏ.ஆர். வேண்டுமா, வேண்டாமா?” என்று கேட்டான். மதிய உணவுக்கு நேரமாகிவிட்டதால் சிரித்துக்கொண்டே கடந்துபோனேன். ஆனால் கேள்வி என்னோடேயே வீடுவரை வந்துவிட்டது.

நான் கால்பந்தாட்டத்தை நேசிக்கத் தொடங்கியது 1986 ஆம் ஆண்டில். மெக்சிகோவில் உலகக்கோப்பை நடந்தது. ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு, பக்கத்து வீட்டுக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியின் முன்னே நாங்கள் இருபது பேர் தரையில் அமர்ந்திருந்தோம். அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும் மோதிய காலிறுதி ஆட்டம். மாரடோனா எம்பிக் குதித்து இடக்கையால் பந்தைத் தட்டி வலைக்குள் அனுப்பினார். துனீசியாவைச் சேர்ந்த நடுவர் அலி பின் நாசர் அதைக் காணவில்லை. கோல் என்று அறிவித்தார். நான்கு நிமிடம் கழித்து, அதே மாரடோனா தம் பாதியிலிருந்து எதிரணியினரைக் கடந்து ஓடி, என்றும் மறக்கமுடியாத இன்னொரு கோலையும் அடித்தார். அர்ஜென்டினா 2-1 என்று வென்றது. அந்த இரவில் நான் அர்ஜென்டினாவின் பக்கம் நின்று கூச்சலிட்டேன். அநீதியால் கிடைத்த வெற்றியும் இனிக்கும் என்பதை அன்று அறிந்துகொண்டேன்; அது நல்ல பாடமன்று.

ஆகையால் தொழில்நுட்பத்தை எதிர்ப்பவன் என்று என்னை எண்ணவேண்டாம். 2010 ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபோன்டைன் நகரில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்ட் உதைத்த பந்து, மேல் கம்பத்தில் பட்டு, கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்து வெளியே வந்தது. அரங்கம் முழுவதும் கண்டது. நடுவர்கள் மட்டும் காணவில்லை. 2-2 என்று சமனாகியிருக்கவேண்டிய ஆட்டம் 4-1 என்று ஜெர்மனிக்குச் சாதகமாய் முடிந்தது. அதன் பின்னரே, 2012 இல், கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதி கிடைத்தது. பந்து முழுவதும் கோட்டைத் தாண்டினால் ஒரு நொடிக்குள் நடுவரின் கைக்கடிகாரம் அதிர்ந்து அறிவிக்கும். அதைக் குறித்து எந்த ரசிகனும் முறுமுறுப்பதில்லை. பந்து உள்ளே சென்றதா இல்லையா என்பது உண்மையைப் பற்றிய கேள்வி. அதற்கு ஒரே விடைதான் உண்டு. அந்த விடைக்காக ஒருவரும் காத்திருக்கவேண்டியதுமில்லை.

காணொளி உதவி நடுவர் முறையாகிய வி.ஏ.ஆர். இதினின்று வேறுபட்டது. 2018 இல் அது ஆட்டவிதிகளில் சேர்க்கப்பட்டு, அவ்வாண்டு ரஷ்யாவில் நடந்த உலகக்கோப்பையில் பயன்பட்டது. 2019-20 பருவத்தில் பிரீமியர் லீக்கிலும் வந்தது. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, தவறான வீரருக்கு அட்டை காட்டுதல் ஆகிய நான்கு காரியங்களில் மட்டும், அதுவும் தெளிவான, வெளிப்படையான தவறு நேர்ந்தால் மட்டும், அது தலையிடவேண்டும் என்பதே அப்போது எழுதப்பட்ட விதி. விதி நல்லது. ஆனால் அறையில் அமர்ந்திருப்பவர் ஒரே காட்சியை முன்னும் பின்னுமாய் மூன்று நிமிடம் ஓட்டிப் பார்த்த பிறகே கண்டுபிடிக்கும் தவறை, வெளிப்படையான தவறு என்று எப்படிச் சொல்வது? மேலும், பந்து கையில் பட்டதும், காலோடு கால் மோதியதும் மெதுவாக ஓட்டிப் பார்க்கையில் வேண்டுமென்றே செய்ததுபோல் தோன்றும். மனிதனுடைய நோக்கத்தை நிறுத்திவைத்த படத்தில் அளந்துவிட முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஊழிய நிமித்தமாய் இங்கிலாந்து சென்றிருந்தபோது, அங்குள்ள சபை நண்பர் ஒருவர் என்னை ஓர் ஆட்டத்துக்கு அழைத்துச் சென்றார். எனக்குப் பக்கத்து இருக்கையில் எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர். சிறுவயதில் தகப்பனாரோடு வரத் தொடங்கியவர். தகப்பனார் மறைந்த பின்னும் அதே மாடத்துக்கே வருகிறவர். இரண்டாம் பாதியில் அவருடைய அணி கோல் அடித்தது. முன்பின் அறியாத என்னை அவர் இறுகத் தழுவிக்கொண்டார். மாடம் முழுவதும் ஒரே மனிதனாய் எழுந்தது. உடனே திரையில் ‘சரிபார்க்கப்படுகிறது’ என்ற பொருளில் ஓர் அறிவிப்பு. பெரியவர் தம் கைகளை மெல்ல விலக்கிக்கொண்டு அமர்ந்தார். ஆயிரக்கணக்கானோர் மௌனமாய் நின்றோம். எதைப் பார்க்கிறார்கள், ஆஃப்சைடையா, கையில் பட்டதையா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் அமர்ந்திருந்தவர்களுக்கோ அந்நேரம் ஒவ்வொரு கோணமும் காட்டப்பட்டது. நெடுநேரம் கழித்து கோல் செல்லும் என்று நடுவர் கையசைத்தார். கைதட்டினோம். ஆனால் அந்தத் தழுவல் திரும்பி வரவில்லை.

அன்பானவர்களே, என் மனக்குறை இதுவே. கால்பந்தாட்டத்தில் தொண்ணூறு நிமிடத்துக்குச் சில முறைதான் கோல் விழுகிறது. அந்த ஒரு கணத்துக்காகவே மழையிலும் குளிரிலும் மக்கள் பயணப்பட்டு வருகிறார்கள். அந்தக் கணத்தைச் சந்தேகத்துக்குரியதாக்கிவிட்டோம். இப்போது கோல் விழுந்தால் ரசிகன் முதலில் துணை நடுவரின் கொடியைப் பார்க்கிறான், பின்பு திரையைப் பார்க்கிறான், அதன் பின்னரே மகிழலாமா என்று யோசிக்கிறான். 2023 இலிருந்து நடுவர் ஒலிபெருக்கியில் தீர்ப்பை விளக்கும் வழக்கம் தொடங்கியது நன்று. ஆயினும் அந்த விளக்கம் போன கணத்தைத் திருப்பித் தராது.

மறுபக்கத்தையும் நியாயமாய்ச் சொல்லவேண்டும். ஒரு தவறான தீர்ப்பால் ஓர் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடக்கூடும். அதனால் சமையற்கூடத்திலும் அலுவலகத்திலும் வேலைசெய்கிறவர்கள் பிழைப்பை இழக்கக்கூடும். அவர்களிடம் போய், உணர்ச்சிக்காகத் தவறைச் சகித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. 2024 இல் வி.ஏ.ஆரை நீக்கவேண்டும் என்று வுல்வ்ஸ் அணி தீர்மானம் கொண்டுவந்தபோது, பிரீமியர் லீக்கின் மற்ற 19 அணிகளும் எதிர்த்து வாக்களித்தன. சுவீடனிலோ நிலை வேறு. அங்கே மன்றங்களில் பெரும்பான்மை வாக்கு உறுப்பினர்களாகிய ரசிகர்களின் கையில் இருக்கிறது. அவர்கள் வேண்டாம் என்றார்கள், வி.ஏ.ஆர். வரவில்லை. மாடத்தில் நிற்கிறவனைக் கேட்டால் ஒரு விடை, கணக்குப் பார்க்கிறவரைக் கேட்டால் வேறொரு விடை.

இயந்திரம் வந்ததால் மனிதத் தவறு ஒழிந்ததா? 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோல் ஆஃப்சைடு என்று மைதானத்தில் மறுக்கப்பட்டது. அறையில் இருந்தவர் படத்தைச் சரியாகவே பார்த்தார். ஆஃப்சைடு இல்லை என்று கண்டார். ஆனால் மைதானத்தில் கோல் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று தவறாக எண்ணி, சரிபார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டார். ஆட்டம் தொடர்ந்தது, கோல் போயிற்று. மைதானத்தில் நின்ற தவறு அறைக்குள் இடம் மாறிக்கொண்டது, அவ்வளவே.

அப்படியானால் என் விடை என்ன? கோட்டுக்கும் ஆஃப்சைடுக்கும் இயந்திரம் இருக்கட்டும், சில நொடிகளில் விடை தருமானால். கையில் பட்டதா, வேண்டுமென்றே தடுத்தாரா என்பன போன்ற காரியங்களை அருகில் நின்ற நடுவரிடமே விட்டுவிடவேண்டும். அதிலும் முறையீடு வேண்டுமென்றால், பயிற்சியாளருக்கு ஓர் ஆட்டத்தில் இரண்டு வாய்ப்புகள் கொடுக்கலாம். 2024 இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக்கோப்பையில் இம்முறையைச் சோதித்தும் பார்த்தார்கள். நமக்குப் பழக்கமான கிரிக்கெட்டிலும் அப்படித்தானே? அங்கே பந்துக்குப் பந்து இடைவேளை உண்டு என்பது ஒருபுறம். எல்.பி.டபிள்யூ. முறையீட்டில் பந்து ஸ்டம்பின் ஓரத்தை உரசும் என்று மட்டும் இயந்திரம் காட்டினால், களநடுவர் சொன்னதே நிலைக்கும் என்பது மறுபுறம். தன் எல்லையை ஒப்புக்கொள்ளும் அந்தத் தாழ்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

இவ்வளவும் தொலைதூர தேசத்துக் காரியம் என்று விட்டுவிட என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் நம் மைதானத்தில் நடந்த வாலிபர் போட்டியை நினைத்துப் பாருங்கள். விசில் ஊதியவன் நம் சபைப் பிள்ளை, பத்தொன்பது வயது. இறுதியாட்டத்தில் ஒரு கோலை ஆஃப்சைடு என்று மறுத்தான். உடனே நாலைந்து பேர் கைபேசியில் பதிவுசெய்த காட்சியை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, “பாருடா, கண் தெரியலையா?” என்று சூழ்ந்துகொண்டார்கள். எல்லைக்கோட்டருகே நின்று நானும் அதையே கத்தினேன் என்பதை இங்கே வெட்கத்தோடு எழுதுகிறேன். தவறிழைக்காத ஒரு கண் எங்கோ உண்டு என்று திரைகள் நமக்குக் கற்பித்துவிட்டன. அதனால் தவறிழைக்கும் கண்களைப் பொறுக்கும் பழக்கம் நம்மைவிட்டுப் போகிறது.

இரண்டு நாள் கழித்து அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவனுடைய தாயார் தேநீர் கொடுத்தார்கள். அவன், “பரவாயில்லை ஐயா” என்றான். ஆனால் அதற்குப் பின் அவன் விசிலைத் தொடவில்லை. நம் வீட்டிலும், சபைக் கமிட்டியிலும், ஒருவர் சொன்ன வார்த்தையை மெதுவாக ஓட்டி, நிறுத்தி, மறுபடியும் ஓட்டிக் குற்றம் காண்கிறோமே. அந்தத் திரை நம் பக்கமாய்த் திரும்பினால் நாம் என்ன செய்வோம்?

வரும் டிசம்பரில் மறுபடியும் போட்டி நடக்கும். அவனை நடுவராய் நிற்கும்படி கேட்கப்போகிறேன். அவன் சம்மதித்தால், அவன் மைதானத்துக்குள் வரும்போது இரு அணியாரும், நாமும் எழுந்து கைதட்டுவோம். அவன் தவறும்போது சகித்துக்கொள்வோம். கோல் விழுந்தாலோ, எந்தத் திரையையும் பாராமல், பக்கத்தில் நிற்பவரைத் தழுவிக்கொள்ளுங்கள்.

கர்த்தருடைய சமாதானம் உங்களோடிருப்பதாக.