புக்மார்க்கில் ஒரு நாவல்

என் பிரவுசரில் ‘எழுத்து’ என்று ஒரு புக்மார்க் கோப்புறை இருந்தது. ஏழு வருடங்களில் அதில் 213 இணைப்புகள் சேர்ந்திருந்தன. முதல் வரியை எழுதுவது எப்படி, கதாபாத்திரத்துக்கு ஆழம் சேர்க்கும் கேள்விகள், உரையாடலில் செய்யக்கூடாத தவறுகள், வெற்றிபெற்ற எழுத்தாளர்களின் காலை நேரப் பழக்கங்கள். அதே ஏழு வருடங்களில் நான் எழுதி முடித்தது இரண்டு சிறுகதைகள். நாவல் நாற்பதாம் பக்கத்தில் நின்றுபோனது. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட கையோடு, அந்தக் கோப்புறையை மொத்தமாக அழித்தேன். இன்றுவரை அதிலிருந்து ஒரு இணைப்பைக்கூடத் தேட வேண்டி வரவில்லை.

எங்கள் தொழிலில் ‘டுடோரியல் நரகம்’ என்பார்கள். ஒருவன் புரோகிராமிங் கற்க வீடியோ பார்ப்பான். புரிந்த மாதிரி இருக்கும். அடுத்த வீடியோ பார்ப்பான். ஆறு மாதம் கழித்து, ‘சின்னதா ஒரு கால்குலேட்டர் பண்ணிக் காட்டு’ என்றால் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பார்த்ததைக் கற்றதாக நினைத்துவிட்டான், அவ்வளவுதான். அந்த நரகத்திலிருந்து வெளியே வர எனக்குத் தெரிந்து இரண்டே வழிகள். எதையாவது செய்து, உடைத்து, மறுபடி செய்வது ஒன்று. நன்றாக எழுதப்பட்ட சோர்ஸ் கோடை வரி வரியாகப் படிப்பது இன்னொன்று. வேலையில் ஜூனியர்களுக்கு இதைத்தான் சொல்வேன். வீட்டுக்கு வந்து, எழுத்து விஷயத்தில் நேரெதிராக நடந்துகொண்டேன்.

இணையத்தில் புனைவெழுத்தாளர்களுக்குக் கிடைக்கும் ‘உதவி’யில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பிளேக் ஸ்னைடர் 2005இல் எழுதிய ‘சேவ் த கேட்’ புத்தகம் ஹாலிவுட் திரைக்கதைக்கானது. அதில் 15 கட்டங்கள் உண்டு, எது எத்தனையாவது பக்கத்தில் வரவேண்டும் என்பது உட்பட. இரண்டு மணி நேரம் ஓட வேண்டிய படத்துக்கு அது நல்ல கருவியாக இருக்கலாம். அதைத் தூக்கி வந்து, ஆறு பக்கச் சிறுகதை எழுதும் தம்பியிடம் ‘உன் கதையில் இரண்டாம் திருப்பம் எங்கே?’ என்று கேட்பது அராஜகம்.

அடுத்தது, ‘காட்டு, சொல்லாதே’. நுழைந்த எந்தப் பக்கத்திலும் இந்த வேதவாக்கு இருக்கும். ஆங்கில நாவல் விமர்சனத்தில் பெர்சி லப்பக் 1921இல் எழுதிய நூல் வழியாக வலுப்பெற்ற பார்வை இது. அந்தக் காலத்து ஆங்கில நாவலை வைத்து நடந்த ஒரு வாதம். நம்மூரில் அதைச் சட்டமாக்கிவிட்டோம். புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ இந்தச் சட்டப்படி தேறாது. கதை சொல்பவர் இடையில் நுழைந்து கருத்துச் சொல்கிறார், கடைசியில் நேராக வாசகன் முகத்தைப் பார்த்தே பேசிவிடுகிறார். கி. ராஜநாராயணன் சுத்தமாகத் தேறமாட்டார். அவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே போகிறவர். சொல்வதுதான் அவர் கலை. இவர்கள் இருவரையும் வெளியே தள்ளும் ஒரு விதியை வைத்துக்கொண்டு தமிழில் என்ன எழுதப்போகிறோம்?

நானும் ஒரு இணையவழிப் பயிற்சிக்கு 1,999 ரூபாய் கட்டியவன்தான். மூன்று சனிக்கிழமைகள். நடத்தியவர் கெட்டவர் இல்லை, நன்றாகவே பேசினார். சிக்கல் அதற்குப் பிறகு வந்த வாட்ஸப் குழுவில். அறுபது பேர் கதை போட்டோம், அறுபது பேரும் ‘செம ப்ரோ’, ‘கண் கலங்கிடுச்சு’ என்று எழுதினோம். என் கதையைப் பற்றி நாற்பது பாராட்டுகள் வந்தன. எந்தப் பத்தி தேவையில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வாரம் என் கதைக்குக் கை தட்ட ஆள் இருக்காதே. நாங்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளவில்லை, மொய் எழுதிக்கொண்டிருந்தோம்.

இந்த இடத்தில் ஒரு எதிர்வாதம் வரும், அது நியாயமானதும்கூட. ‘உங்களுக்குச் சென்னையில் புத்தகக் கடை இருக்கு, கூட்டம் இருக்கு, பேச நண்பர்கள் இருக்காங்க. சின்ன ஊர்ல இருக்கற பையனுக்கு, ராத்திரி பத்து மணிக்கு மேல மட்டும் போன் கையில கிடைக்கற பொண்ணுக்கு, இணையம் தவிர வேற என்ன இருக்கு?’ நானும் சின்ன ஊர்க்காரன். எங்கள் கிளை நூலகத்தில் வாடகை நாவல்களும் போட்டித் தேர்வு கைடுகளும்தான் அதிகம். அதனால்தான் இவ்வளவு கோபம். அந்தப் பெண்ணுக்கு இணையம் எதைத் தர முடியுமோ அதைக் காட்டாமல், விற்கக்கூடியதை மட்டும் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

அவளுக்கு நான் என்ன காட்டுவேன்? மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த கு. கல்யாணசுந்தரமும் பல நாட்டுத் தன்னார்வலர்களும் யூனிகோடு பரவுவதற்கு முன்பே தட்டச்சு செய்து ஏற்றத் தொடங்கியது அது. சங்க இலக்கியத்திலிருந்து புதுமைப்பித்தன் வரை காசில்லாமல் படிக்கலாம். 2005இல் தொடங்கிய நூலகம் தளத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் இருக்கின்றன. டொமினிக் ஜீவாவின் ‘மல்லிகை’ இதழ்களைப் புரட்டினால், யாழ்ப்பாணத்தில் ஒரு சிற்றிதழ் எப்படி ஒரு தலைமுறை எழுத்தாளர்களை வளர்த்தது என்று தெரியும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924இலிருந்து 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் அதை இலவசமாகத் தேடலாம்.

அகராதி எழுத்தாளனுக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என் நாவலில் பாட்டியின் அடுப்படி வரும். ‘பெரிய அடுப்பை ஒட்டியிருந்த சின்ன அடுப்பு’ என்று எழுதியிருந்தேன். அம்மா படித்துவிட்டு, ‘கொடியடுப்புன்னு சொல்லத் தெரியாதாடா?’ என்றாள். பேரகராதியில் தேடினேன், இருந்தது. அன்றிரவு அந்த அடுப்படியில் இருந்த மற்ற பொருட்களின் பெயர்களை அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். பெயர்கள் வரவர, அவற்றைக் கையாண்ட ஆட்களும் வந்தார்கள். கதாபாத்திரத்துக்கு ஆழம் சேர்க்கும் கேள்விகள் பத்தும் செய்யாத வேலையை அந்தப் பெயர்கள் செய்தன. கரிசல் வட்டாரச் சொற்களுக்கு கி.ரா. ஏன் மெனக்கெட்டு அகராதி தொகுத்தார் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

ஆனால் எனக்கு அதிகம் கற்றுத்தந்தது விக்கிமூலம். நாட்டுடைமையான பல நூல்கள் அங்கே ஸ்கேன் வடிவில் உள்ளன. ஒரு பக்கம் அச்சுப் படம், மறுபக்கம் இயந்திரம் படித்துத் தந்த எழுத்து. யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுத் திருத்தலாம். திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் திருத்தியது மஞ்சள், இன்னொருவர் சரிபார்த்தது பச்சை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் பழைய ‘லை’, ‘னை’ வடிவங்கள் வரும், இயந்திரம் அங்கெல்லாம் தடுக்கி விழும். துணைக்காலையும் ‘ர’வையும் குழப்பிக்கொள்ளும்.

நான் ஒரு பழைய சிறுகதைத் தொகுப்பில் 11 பக்கங்கள் மெய்ப்புப் பார்த்தேன். எழுத்து எழுத்தாகப் போக வேண்டும், வேறு வழியில்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு விஷயம் கவனித்தேன். இயந்திரத்தின் பிழைகளோடு, ஆசிரியரின் வாக்கியங்களையும் மனசுக்குள் ‘திருத்திக்கொண்டே’ போகிறேன். அவர் வெறுமனே ‘மழை பெய்தது’ என்று விட்ட இடத்தில் நான் இரண்டு பெயரடை சேர்க்கிறேன். அவர் வாக்கியத்தை முடிக்கும் இடத்தில் நான் ‘ஏனென்றால்’ என்று நீட்டுகிறேன். என் உரைநடையில் என்ன கோளாறு என்று ஏழு வருடங்களில் யாரும் சொல்லாததை, இறந்துபோன ஒருவரின் 11 பக்கங்கள் சொல்லின. கட்டணம் கிடையாது. எனக்குக் கிடைத்தது போக, யாரோ படிக்க 11 பக்கங்கள் மிச்சமாயின.

தொழில்நுட்பமே கற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கெடு வைத்து எழுதுவதும் பயனுள்ளதுதான். ஒரே மாதத்தில் 50,000 சொற்கள் எழுதும் நானோரைமோ 1999இல் 21 பேரோடு அமெரிக்காவில் தொடங்கி, உலகம் முழுக்கப் பரவியது. அதை நடத்திய அமைப்பு 2025இல் மூடப்பட்டுவிட்டது. அதனால் யாருக்கும் மாதமும் சொல்லும் தீர்ந்துபோய்விடவில்லை. கெடுவை நாமே வைத்துக்கொள்ளலாம்.

நான் எதிர்ப்பது ஒரு ஏமாற்றை. எழுத விரும்புகிறவனிடம் எழுதுவதைப் பற்றிய பொருட்களை விற்று, அவனை நிரந்தர வாடிக்கையாளனாக வைத்திருக்கும் ஏமாற்று. அவன் எழுதிவிட்டால் வியாபாரம் போச்சு. மதுரைத் திட்டத்துக்கோ நூலகத்துக்கோ அப்படி ஒரு தேவை இல்லை. சம்பளம் வாங்காத யாரோ ராத்திரி கண் விழித்துத் தட்டச்சு செய்த பக்கம், நீங்கள் படித்துவிட்டுப் போவதற்காகத்தான் காத்திருக்கிறது.

இந்தக் கட்டுரையையும் புக்மார்க் செய்யாதீர்கள். விக்கிமூலத்தில் ஒரு சிவப்புப் பக்கத்தைத் திறந்து மஞ்சளாக்குங்கள். பிறகு உங்கள் கதையைத் திறந்து, உங்களுக்குக் கை தட்டாத ஒரே ஒரு ஆளிடம் காட்டுங்கள். என் நாவல் இப்போது எழுபத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அம்மா படித்துக்கொண்டிருக்கிறாள், இதுவரை ஒரு வார்த்தைகூடப் பாராட்டவில்லை.