நிபந்தனையோடு வந்த நன்கொடை

மும்பை பரேலில் 1926இல் திறக்கப்பட்ட கே.இ.எம். மருத்துவமனைக்கு மன்னர் ஏழாம் எட்வர்டின் பெயர். கூடவே தொடங்கிய கல்லூரிக்கு சேட் கோர்தன்தாஸ் சுந்தர்தாஸின் பெயர். சேட் பெயரில் வந்த நன்கொடைக்கு ஒரு நிபந்தனை இருந்தது: தகுதியுள்ள இந்தியர்களைத்தான் ஆசிரியர்களாக நியமிக்க வேண்டும்.

அன்று அது சாதாரண விஷயமல்ல. அரசு மருத்துவக் கல்லூரிகளில் உயர்பதவிகள் பெரும்பாலும் ஐ.எம்.எஸ். வெள்ளையர்களுக்கே. லண்டனில் எம்.டி. வாங்கி வந்தவரும் அவர்களுக்குக் கீழேதான். அப்படிப் பட்டம் பெற்ற ஜீவராஜ் மேத்தா இங்கே டீன் ஆனார். (பின்னாளில் குஜராத்தின் முதல் முதல்வரும் இவரே.) மன்னர் பெயர் தாங்கிய கட்டடத்தில் இது நடந்ததுதான் வேடிக்கை.

மருத்துவமனையை நடத்துவது இன்றும் மாநகராட்சிதான். நெரிசலுக்குக் குறைவில்லை. ஆனால் அதன் இன்னொரு முகமும் உண்டு. 1973 நவம்பரில், அங்கு பணியாற்றிய நர்ஸ் அருணா ஷான்பாக், ஊழியர் ஒருவரின் கொடூரத் தாக்குதலில் நினைவிழந்தார். 2015 மே மாதம் இறக்கும்வரை அவரைக் கவனித்துக்கொண்டவர்கள் நர்சுகள்தான். சம்பவத்தின்போது பிறந்தே இராதவர்களும் அவர்களில் உண்டு. வெளியேற்றும் பேச்சு எழுந்தபோது எதிர்த்தார்கள். கருணைக்கொலை கோரிய மனு 2011இல் உச்ச நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டபோது மருத்துவமனை சொன்னது: 37 ஆண்டுகளில் அவருக்கு ஒருமுறைகூடப் படுக்கைப்புண் வந்ததில்லை.