ட்ரோன் வாங்கினால் போதாது. ஆன்டெனா எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்

மருந்து தெளிக்க ஆள் கிடைக்காத காலம் இது. முதுகில் தெளிப்பானைச் சுமந்து, சேற்றில் நடந்து, மருந்தையும் சுவாசித்து அல்லல்பட்ட விவசாயிக்கு ட்ரோன் ஒரு வரப்பிரசாதம்தான். அரசும் ஊக்கம் தருகிறது. 2021 ஆகஸ்டில் ட்ரோன் விதிகள் எளிதாக்கப்பட்டன. 2022 ஜனவரியில், செயல்விளக்கத்துக்காக ட்ரோன் வாங்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு 75 சதவிகிதம் வரை மானியம் அறிவிக்கப்பட்டது. 2023 நவம்பரில், மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு விலையில் 80 சதவிகிதம், அதிகபட்சமாக 8 லட்சம் ரூபாய் மானியம் தரும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

மானியம் எவ்வளவு, டேங்க் எத்தனை லிட்டர், பேட்டரி எத்தனை நிமிடம் என்றெல்லாம் விவரமாகப் பேசப்படுகிறது. படம் அனுப்பும் ஆன்டெனா எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. விரல் நீளமே உள்ள அந்தக் குச்சி கோணலாக இருந்தால், லட்சக்கணக்கில் விலை கொடுத்த கருவி வயலின் மறுகோடியில் குருடாகிவிடும்.

ஜி.பி.எஸ். போட்ட கோட்டில் ட்ரோன் தானாகவே போகிறதே, படம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நேற்று இழுத்த மின்கம்பி, வயலுக்குள் புல் அறுக்கக் குனிந்திருக்கும் பெண், வரப்பில் சாய்ந்த தென்னை மட்டை ஆகியவை ஜி.பி.எஸ்.ஸுக்குத் தெரியாது. கேமராவுக்குத் தெரியும். பல கருவிகளில் படமும் கட்டுப்பாடும் ஒரே அலைவழியில்தான் போகின்றன. படம் விட்டு விட்டு வந்தால், கட்டுப்பாடும் கைநழுவப் போகிறது என்று பொருள். தொடர்பு அடியோடு அறுந்தால், குறித்து வைத்த உயரத்துக்கு ஏறிப் புறப்பட்ட இடத்துக்கு நேர்கோட்டில் திரும்பும்படி பல ட்ரோன்கள் அமைக்கப்பட்டுள்ளன. நடுவில் அதைவிட உயர்ந்த தென்னை நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வடையும் ஓட்டையும்

குச்சி ஆன்டெனாவிலிருந்து அலைகள் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் போவதில்லை. உளுந்து வடையின் ஓட்டையில் ஒரு குச்சியைச் செருகியதாக வைத்துக்கொண்டால் விஷயம் விளங்கிவிடும். குச்சிதான் ஆன்டெனா, சுற்றியுள்ள வடைதான் அலை. பக்கவாட்டில் பலமாகப் போகும். குச்சியின் நுனி காட்டும் திசையில் ஓட்டைதான். அங்கே அலை மிகக் குறைவு.

ஆகவே தெளிப்பு ட்ரோனில் குச்சி செங்குத்தாக நிற்க வேண்டும். பயிருக்கு மேல் 2 மீட்டர் அளவில் தாழப் பறக்கும் கருவிக்கு, ஓட்டுபவர் பக்கவாட்டில்தான் இருக்கிறார். கையில் உள்ள ரிமோட்டுக்கும் இதே கணக்குதான். துப்பாக்கியைக் குறிவைப்பதுபோல ஆன்டெனாவின் நுனியை ட்ரோனை நோக்கி நீட்டுவது பலரிடம் காணும் பழக்கம். அது ஓட்டையைக் காட்டுவதாகும். நுனி வானத்தைப் பார்க்க, உடம்பு ட்ரோனைப் பார்க்க வேண்டும். தட்டையான ஆன்டெனாவானால் அகலமான பக்கம் ட்ரோனை நோக்கி இருக்க வேண்டும். பயிரைப் படம் எடுக்கும் ட்ரோன் தலைக்கு நேர் மேலே போகும்போது படம் மங்குவதும் இந்த ஓட்டையால்தான். நாலடி தள்ளி நின்றால் போதாது, நன்றாக விலகி நிற்க வேண்டும்.

கயிறும் படலும்

அனுப்பும் குச்சி செங்குத்தாகவும் வாங்கும் குச்சி படுக்கையாகவும் இருந்தால் இன்னொரு நஷ்டம். செங்குத்தான குச்சிகள் கொண்ட வேலிப்படலின் இடுக்கில் கயிற்றை விட்டு மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் மறுபுறம் போகும். பக்கவாட்டில் ஆட்டினால் படலிலேயே நின்றுவிடும். அலையும் அப்படித்தான். 45 பாகை சாய்ந்தால் பாதி பலம் போகும். முழுக்கக் குறுக்காக இருந்தால் நூறில் ஒரு பங்காகக்கூடக் குறையும். கணக்குப்படி, திறந்த வெளியில் 1,000 மீட்டர் வர வேண்டிய படம் 100 மீட்டரிலேயே நின்றுவிடும்.

காளான் குடைபோல் இருக்கும் சில ஆன்டெனாக்களில் அலை முறுக்கிக்கொண்டு போகும். ட்ரோன் சாய்ந்து திரும்பும்போதும் படம் அதிகம் கெடாது. ஆனால் வலச்சுற்று, இடச்சுற்று என இரண்டு வகை உண்டு. இருபுறமும் ஒரே வகையாக இருக்க வேண்டும். கடையில் கிடைத்ததை வாங்கி ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இருந்ததும் போகும்.

டேங்கே தடை

ட்ரோன் கைகள் பெரும்பாலும் கார்பன் நாரினால் ஆனவை. கார்பன் மின்சாரம் கடத்தும். ஆகவே அலையை மறிக்கும். பேட்டரியும் மறிக்கும். தண்ணீர் நிறைந்த டேங்கும் மறிக்கும். வழக்கமான 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 5 சென்டிமீட்டர்தான், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுமார் 12.5 சென்டிமீட்டர். இவ்வளவு சிறிய அலைக்கு 10 லிட்டர் டேங்க் ஒரு மதில் சுவர். ஆன்டெனாவைக் கார்பன் கையோடு ஒட்டிக் கட்டுவதும், டேங்குக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒளித்து வைப்பதும் தவறு. காலின் கீழ்ப்பகுதியிலோ, கையின் ஓரத்திலோ, உடலைவிட்டுத் தள்ளி வெளியே நிற்பதே முறை. இரண்டு ஆன்டெனா இருந்தால் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பது நல்லது. ஒன்று மறைந்தால் மற்றது வெளிப்படும்.

பச்சை இலையிலும் தண்ணீர்தான் இருக்கிறது. கரும்புத் தோட்டத்தில் வரப்பில் நின்று ஓட்டினால், ஆளுயரத்தைத் தாண்டிய கரும்பே குறுக்கே நிற்கும். டிராக்டர் டிரெய்லர் மீதோ மேட்டிலோ ஏறி நிற்பது நலம். மோட்டார் கொட்டகையின் தகரக் கூரைக்கு அடியில் நிழலுக்கு ஒதுங்கி நின்று ஓட்டக் கூடாது.

படம் தெளிவாக வரவில்லை என்றால், அதிக வாட்ஸ் உள்ள டிரான்ஸ்மிட்டர் போடுங்கள் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. இது மடை அடைத்திருக்கும்போது பெரிய மோட்டார் வாங்கச் சொல்வது போன்றது. தூரம் இரு மடங்கானால் அலையின் பலம் நாலில் ஒரு பங்காகும். அப்படியானால் இரு மடங்கு தூரத்துக்கு நாலு மடங்கு சக்தி வேண்டும். சூடு ஏறும், பேட்டரி சீக்கிரம் தீரும், செலவும் கூடும். அனுமதித்த அளவுக்கு மேல் அலைசக்தியைக் கூட்டச் சட்டமும் இடம் தராது. ஆன்டெனாவை நிமிர்த்தி வைக்கவோ காலணா செலவில்லை.

பணம் கொடுக்கும் முன்பு

வாங்கும் குழுக்கள் விற்பவரிடம் ஒரு சோதனையை வற்புறுத்திக் கேட்க வேண்டும். காலி டேங்குடன் கடை வாசலில் பறக்கவிட்டுக் காட்டினால் ஏற்கக் கூடாது. டேங்க் நிறையச் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, தங்கள் வயலின் கடைசி மூலைக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். அங்கே நிறுத்தி, ஒரு முழு வட்டம் மெதுவாகத் திருப்பச் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் திரும்பும்போது படம் உடைகிறதோ, அந்தப் பக்கத்தில் டேங்கோ பேட்டரியோ மறைக்கிறது. ஆன்டெனாவை இடம் மாற்றும் வேலையை நிறுவன மெக்கானிக்கே செய்ய வேண்டும். தாமாகத் திருகாணியைக் கழற்றினால் உத்தரவாதத்துக்கு வம்பு வரும்.

வாடகைக்குக் கூப்பிடும் சிறு விவசாயிக்கும் இதில் அக்கறை உண்டு. நடுவழியில் நின்று திரும்பிய ட்ரோன் மருந்தை எங்கே விட்டது என்று தெரியாமல், ஒரு பட்டையில் இரு மடங்கு விழும். அடுத்த பட்டையில் ஒன்றும் விழாது. பூச்சி அங்கேதான் பெருகும். கிளம்பும் முன் ஆன்டெனா நிமிர்ந்திருக்கிறதா, மறை இறுகியிருக்கிறதா, மருந்துக் கசிவால் பித்தளையில் பச்சை பூத்திருக்கிறதா என்று ஓட்டுபவரைக் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. ஆன்டெனா கழன்ற நிலையில் மின்சாரம் கொடுத்தால் டிரான்ஸ்மிட்டரே எரிந்துபோகலாம்.

ட்ரோன் ஓட்டப் பயிற்சி தரும் இடங்களும் இதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். வயலில் நிற்க வைத்து, ஆன்டெனாவை ஒரு முறை சாய்த்துக் காட்டி, ஒரு முறை நிமிர்த்திக் காட்டினால் போதும். படம் கெடுவதையும் தெளிவதையும் கண்ணால் கண்டவர் மறக்க மாட்டார். கிராமத்துப் பெண்கள் கடன் வாங்கிப் பங்குத்தொகை கட்டி எடுக்கும் கருவி இது. மானியம் கொடுத்ததோடு பொறுப்பு முடிந்தது என்று அரசு இருந்துவிடக் கூடாது.

டி.வி. வந்த புதிதில் மாடியில் ஒருவர் ஏறி ஆன்டெனாவைத் திருப்ப, கீழே இன்னொருவர் "வருது, வருது, போயிடுச்சு" என்று கத்திய காலத்தை ஊரில் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே அறிவுதான் இங்கேயும் வேண்டும். கருவி புதிது, அலையின் குணம் பழையது. அதை அறிந்து நடக்கும் விவசாயிக்கு ட்ரோன் கைகொடுக்கும். அறியாதவருக்குக் கடனைத்தான் கொடுக்கும்.