பயிற்சி இடங்கள் யாழ்ப்பாணத்துக்கும் வேண்டும்

யாழ்ப்பாணத்து நீர்வேலியில் வாழைக்குலை விற்பவரும் கொப்பியில் வரவு செலவு எழுதி வைக்கிறார். வர்த்தகப் பிரிவில் உயர்தரம் முடித்த பிள்ளைக்கோ பட்டயக் கணக்காளராகும் ஆசை. 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம், பரீட்சைகளோடு மூன்று வருடச் செய்முறைப் பயிற்சியையும் கேட்கிறது. அதில் பிழையில்லை. ஆனால் பயிற்சி தரும் பெரிய நிறுவனங்கள் இருப்பது கொழும்பில். அறை வாடகையும் சாப்பாடும் பயிற்சிக் கொடுப்பனவை விழுங்கிவிடும். நிதியாண்டு முடியும் மார்ச் 31 கழிந்து கணக்காய்வு நெருக்கும்போது படிப்புக்கு மிஞ்சுவது இரவுதான்.

பயிற்சியை இணையத்திலேயே செய்யலாமே என்பார்கள். பேரேட்டைத் திரையில் பார்க்கலாம். ஆனால் களஞ்சியத்து உரப்பைகளை எண்ண ஆள் நேரில் நிற்கவேண்டும். அந்தக் களஞ்சியங்கள் இங்கேயும் உண்டு. கொழும்பு நிறுவனங்களும் வடக்கின் வணிகர்களும் சேர்ந்து யாழ்ப்பாணத்தில் பயிற்சி இடங்களைத் திறக்கட்டும்.