ஜெயில்ல போட்டவர் பேரு தெரியுமா?

லீவு விட்டா ஊட்டி, வால்பாறைன்னே எத்தனை நாளைக்குங்க சுத்துறது? கோவையில காலையில ஜன் சதாப்தி ரயிலைப் பிடிச்சா மதியம் மயிலாடுதுறை. அங்கிருந்து பஸ்ஸில் தரங்கம்பாடி. கடலைப் பார்த்து நிக்குது டேன்ஸ்பர்க் கோட்டை.

தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி, 1620-ல் டென்மார்க்காரர்கள் கட்ட ஆரம்பித்தது. மிளகு வியாபாரத்துக்குக் காவலா பீரங்கி, சிப்பாய், ஜெயில்னு சகலமும் உண்டு. 1845-ல் பிரிட்டிஷ்காரர்களுக்கு விற்றுவிட்டார்கள். இப்போ இது தமிழகத் தொல்லியல் துறையின் மியூசியம்.

பீங்கான், வாள், பழைய ஆவணம்னு பார்த்துட்டு உடனே கிளம்பிடாதீங்க. டென்மார்க் ராஜாவே அனுப்பி வைத்த பாதிரியார் சீகன்பால்கு. கவர்னரோட தகராறு. 1708-ல் அவரைப் பிடிச்சு நாலு மாசம் அடைச்சு வெச்சது இந்தக் கோட்டையிலதான்! வெளியே வந்தவர் ஊரை விட்டு ஓடலை. அச்சு இயந்திரம் வரவழைச்சார். 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்தது.

பாதிரியார் பேரு பாடப் புத்தகத்துல இருக்கு. பீரங்கியோட இருந்த கவர்னர் பேரு? யாருக்கும் ஞாபகமில்லை.

ஊர் திரும்பினதும் நம்ம சங்ககிரிக் கோட்டைக்கும் ஒரு நடை போங்க. 1805-ல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட இடம். தூக்கில் போட்டவங்க பேரு? கேட்டுப் பாருங்க!