மொக்கை எபிசோடையும் விடாதீங்க

பழைய ஸ்டார் ட்ரெக் பாக்கப் போறேன்னு யாராவது வாயத் திறந்தாப் போதும், உடனே நாலு பேர் ஓடி வந்து ஒரு பட்டியலைக் கைல திணிப்பாங்க. இந்தப் பத்து எபிசோட் பாரு, மூணாவது சீசன் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்காதேன்னு. நல்ல மனசோட சொல்றதுதான். ஆனா எனக்கு இதுல துளிகூட உடன்பாடு இல்லை. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமாப் போகும், டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

நான் சொல்றது கிர்க், ஸ்பாக், மெக்காய் இருக்கற ஒரிஜினல். 1966 செப்டம்பர் 8-ல அமெரிக்காவுல என்.பி.சி. சேனல்ல ஆரம்பிச்சு 1969 ஜூன் 3-ல முடிஞ்சது. மூணு சீசன், 79 எபிசோட். நம்ம ஊர்ல எண்பதுகள்ல தூர்தர்ஷன் ஞாயித்துக்கிழமை காலைல போட்டாங்க. அப்ப அந்த இங்கிலீஷ் ஒரு எழவும் புரியாது. ஸ்பாக்கோட காதும், ஆளைக் கரைச்சு இன்னொரு எடத்துல இறக்கற மிஷினுமே நமக்குப் போதுமா இருந்துச்சு.

இப்ப குர்காவ்ன்ல பொட்டி தட்டற நாங்க அஞ்சு பேர், சனிக்கிழமை ராத்திரி ஒவ்வொருத்தர் வீடாக் கூடி, மொதல்லேர்ந்து பாத்துட்டு வர்றோம். (2016-லயே குருகிராம்னு பேர் மாத்திட்டாங்க, வாய்ல வர மாட்டேங்குது.) ஒரு லூதியானா பாஜி, ஒரு கல்கத்தா தாதா, ஒரு திருச்சூர் சேச்சி, புனேக்காரப் பையன் ஒருத்தன், அப்புறம் 'அண்ணா'ங்கற நான். வடக்க தமிழ்நாட்டுக்காரன்னா எல்லாருக்கும் அண்ணாதான். என்னை விட நாலு வயசு பெரியவரான பாஜியே அப்படித்தான் கூப்பிடறார்.

எங்களுக்கு விதி ஒண்ணே ஒண்ணு. ஒளிபரப்பான வரிசைல, ஒண்ணு விடாமப் பாக்கணும். 2006-ல கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் எல்லாம் சேத்துப் புதுசு பண்ணாங்களே, அது பையன் கிட்ட இருக்கற ப்ளூ-ரேல பழசோட சேந்தே இருக்கு. நாங்க பழசைத்தான் போடறோம். பதினோரு அடி நீளத்துக்கு மாடல் கட்டி ஒருத்தன் படம் பிடிச்சிருக்கான், அதை அழிச்சிட்டு கம்ப்யூட்டர் கப்பலைப் பாக்கறதுல எனக்கு இஷ்டமில்லை. (அந்த மாடல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு.)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

'ஸ்பேஸ் ஸீட்'னு ஒரு எபிசோட், 1967 பிப்ரவரில வந்தது. இது எல்லாப் பட்டியல்லயும் இருக்கும். 1982-ல வந்த 'ராத் ஆஃப் கான்' படத்தோட வில்லன் அறிமுகமாகறது இதுலதான். அதனால 'படத்துக்கு முன்னாடி இதைப் பாத்துரு'ம்பாங்க. அந்த வில்லன் பேர் கான் நூனியன் சிங். வட இந்தியாக்காரர், அனேகமா சீக்கியர்னு கதைல வர்ற சரித்திர ஆபீசரம்மா சொல்றாங்க. தாடி இல்லை, தலைப்பாகை அந்தம்மா வரையற ஓவியத்துல மட்டும். நடிச்சவர் மெக்சிகோக்காரர் ரிக்கார்டோ மொன்டல்பான். அந்தப் பேரைக் கேட்டதுமே பாஜி விழுந்து விழுந்து சிரிச்சார். "கான் வேற, சிங் வேறயா? கல்யாணத்துக்குப் பத்திரிகை எப்படிய்யா அடிச்சிருப்பாங்க?"

இன்னொரு கூத்து என்னன்னா, மொத கதை வரைவுல இந்த வில்லன் வட ஐரோப்பாக்காரனா இருந்தானாம். அப்புறம் இந்தியன் ஆயிட்டான். 2013 படத்துல வெள்ளைக்கார கம்பர்பேட்சையே கானாப் போட்டு ஒரு சுத்து சுத்தி வந்துட்டாங்க! இந்தப் பக்கம் நிஜ இந்தியர், 1965-ல மிஸ் இந்தியாவா இருந்த பெர்சிஸ் கம்பாட்டா, 1979 படத்துல மொட்டைத் தலையோட வேற்றுக் கிரகத்துப் பொண்ணா வர்றாங்க. இந்தியனுக்கு மெக்சிகோக்காரர், ஏலியனுக்கு இந்தியர். என்ன கணக்கோ.

ஆனா அன்னிக்கு எங்க சிரிப்பு நின்ன எடம் வேற. கான் 1992-லேர்ந்து 1996 வரைக்கும் உலகத்துல கால்வாசிக்கு மேல ஆண்ட சர்வாதிகாரின்னு கப்பல்ல கண்டுபிடிக்கறாங்க. கண்டுபிடிச்சிட்டு கிர்க்கும் ஸ்காட்டியும் அந்தாளைச் சிலாகிக்கறாங்க. சர்வாதிகாரிகள்ல இவன்தான் தேவலாம், இவன் ஆட்சில படுகொலை கிடையாதுன்னு பேச்சு போகுது. சுதந்திரமும் கிடையாதேன்னு ஸ்பாக் மட்டும் அதிர்ந்து போய்ப் பாக்கறார். உடனே நம்ம பையன், "கரெக்ட்தானே, அப்படி ஒருத்தன் வந்தாத்தான் நாடு உருப்படும்"னான். சாதாரணமா ஆபீஸ் கேன்டீன்ல தெனம் கேக்கற வசனம்தான்.

பாஜி ரிமோட்டை எடுத்து நிறுத்தினார். "1992-ல நான் லூதியானால காலேஜ் படிச்சேன். சாயங்காலமானா தெரு காலி. ஒரு பக்கம் துப்பாக்கிக்காரங்க, இன்னொரு பக்கம் போலீஸ். எவனாவது வந்து எல்லாத்தையும் அடக்கினாப் போதும்னு எங்க வீட்டுப் பெரியவங்களும்தான் பேசிக்கிட்டாங்க. அடக்கினாங்க. எங்க தெருவுல ரெண்டு பசங்க திரும்பி வரவே இல்லை. ஒருத்தனோட அம்மா ரொம்ப வருஷம் ராத்திரில கதவைத் தாப்பாள் போடாமலே வெச்சிருந்தாங்க."

யாரும் பேசலை. பையன் தட்டையே பாத்துட்டு இருந்தான். அப்புறம் பாஜியே ரிமோட்டை அமுக்கி, "நம்ம ஸ்பாக் என்ன சொல்றான் பாப்போம்"னார்.

இந்த எபிசோடை நான் தனியாவே மூணு தடவை பாத்திருக்கேன். அந்தப் பேச்சு காதுலயே விழுந்ததில்லை. மொன்டல்பானோட மிடுக்கும் சண்டையும்தான் ஞாபகம். பட்டியல் போடறவங்க எதுக்காக இதைப் பாக்கச் சொல்றாங்களோ அதுக்காகத்தானே நானும் பாத்தேன்! அவங்க காரணம் ஒரு சினிமா. எங்க அஞ்சு பேருக்கும் இனிமே இது பாஜியோட தெரு.

மூணாவது சீசனுக்கு வர்றேன். ரசிகர்கள் மூட்டை மூட்டையாக் கடிதம் எழுதித்தான் அந்த சீசனே வந்துச்சு. வந்ததும் வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குத் தள்ளிட்டாங்க, செலவையும் வெட்டினாங்க. மொத எபிசோடே 'ஸ்பாக்ஸ் பிரெய்ன்'. ஸ்பாக்கோட மூளையத் திருடிட்டுப் போயிடறாங்க, மெக்காய் ரிமோட் வெச்சு உடம்பை நடத்திக் கூட்டிட்டுப் போறார். தாதா தலைல கைய வெச்சுக்கிட்டார். ஒத்துக்கறேன், சகிக்கலை.

ஆனா அதே சீசன்ல, 1969 ஜனவரில, 'தட் விச் சர்வைவ்ஸ்'னு ஒண்ணு. தொட்டா ஆள் காலியாகற மாதிரி ஒரு பொண்ணு வருவாளே, அது. நான் பாத்த எந்தப் பட்டியல்லயும் இல்லை. கதையும் சுமார்தான். சுலு கிரகத்துல மாட்டிக்கிட்டதால கப்பல் ஓட்டற சீட்ல வேற ஒருத்தி உக்காந்திருக்கா. லெப்டினன்ட் ரஹ்தா. நம்ம ராதாதான், எழுத்து புரண்டிருக்கு. சேச்சி சோபாலேர்ந்து எந்திரிச்சே நின்னுட்டாங்க: "நம்ம பொண்ணு வண்டி ஓட்டறா பாருங்க!" நடிச்ச நவோமி போலாக் அதே சீசன்ல 'பாரடைஸ் சிண்ட்ரோம்'ல செவ்விந்தியப் பெண்ணாவும் வர்றாங்க. ரெண்டு வகை இந்தியனுக்கும் ஒரே ஆள், சிக்கனம். இருந்தாலும் சேச்சி முகத்துல அன்னிக்குப் பாத்த சந்தோஷம் எந்தப் பத்துக்குள்ளயும் கிடைச்சிருக்காது.

அடுத்த சனிக்கிழமை தாதா வீட்ல. வரிசைப்படி 'தி வே டு ஈடன்' வருது, விண்வெளி ஹிப்பிகள் கிட்டார் மாதிரி எதையோ வெச்சுக்கிட்டு எபிசோட் முழுக்கப் பாடறது. பாட்டை மட்டும் ஓட்டிரலாமான்னு தாதா இப்பவே கெஞ்ச ஆரம்பிச்சிட்டார். பாஜி மசியற மாதிரி தெரியலை.