சிலந்தி மருந்தும் தூங்காத கால்களும்

நாற்பதைத் தாண்டிய வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். இரவு படுத்ததும் கால்களுக்குள் ஏதோ ஊர்வது போல இருக்கிறதாம். ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறதாம். எழுந்து ஹாலில் நாலு நடை நடந்தால்தான் அடங்குகிறதாம். ஹோமியோபதி டாக்டர் ஒருவர் சர்க்கரை உருண்டைகள் கொடுத்திருக்கிறார். பாட்டிலில் இருந்த ‘டாரென்டுலா ஹிஸ்பானிகா 30’ என்ற பெயரைப் போனில் தேடினால், சிலந்தி விஷம் என்று வந்ததாம். பயந்துபோய்க் கேட்கிறார்: சாப்பிடலாமா?

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். அந்த உருண்டையில் உங்களைக் கொல்லும் விஷம் எதுவும் இல்லை.

விஷத்தை மட்டும் தனியே எடுத்து இதைச் செய்வதில்லை. சிலந்தியை முழுசாகவே ஆல்கஹாலில் ஊறவைத்து மூலக்கரைசல் எடுக்கிறார்கள். அதைத்தான் மதர் டிங்சர் என்பார்கள். அதில் ஒரு பங்கை 99 பங்கு ஆல்கஹாலில் கலந்து குலுக்கினால் முதல் வீரியம். அதிலிருந்து ஒரு பங்கை எடுத்து மறுபடியும் 99 பங்கில் கலந்தால் இரண்டாவது. பாட்டிலில் 30 என்று இருந்தால், இப்படி 30 தடவை நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்றுக்குப் பக்கத்தில் 60 பூஜ்யம் போட்டுப் பாருங்கள், அத்தனை மடங்கு நீர்த்திருக்கிறது. 12-வது தடவையைத் தாண்டும்போதே, மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருக்கும் வாய்ப்பு அருகிவிடும். ஹோமியோபதி டாக்டர்களும் இதை மறுப்பதில்லை. வேலை செய்வது பொருள் அல்ல, வீரியம் என்பது அவர்கள் வாதம். மதர் டிங்சர், 3, 6 போன்ற குறைந்த வீரியங்களின் கதை வேறு. அவற்றை நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

சரி, கால் குடைச்சலுக்கு எதற்குச் சிலந்தி? இதற்குப் பதில் சொல்ல இத்தாலிக்குப் போகவேண்டும்.

இத்தாலியின் வரைபடம் ஒரு பூட்ஸ் போல இருக்கும் அல்லவா, அதன் குதிகால் பக்கத்தில் தாரந்தோ என்று ஒரு துறைமுக நகரம். டாரன்டுலா என்ற பெயரே அந்த ஊரிலிருந்து வந்ததுதான். (சினிமாவில் கை அகலத்துக்கு ரோமத்தோடு வருமே, அது அமெரிக்கக் கண்டத்துச் சிலந்தி. இந்தப் பெயர் பிற்பாடு அதற்கும் ஒட்டிக்கொண்டது.) அசல் டாரன்டுலா, ஓநாய்ச் சிலந்தி வகையைச் சேர்ந்தது. வலை பின்னாது, மண்ணில் வளை தோண்டி வாழும்.

அந்தப் பகுதியின் கிராமங்களில் பல நூற்றாண்டுகளாக ஒரு நம்பிக்கை இருந்தது. கோடையில் அறுவடைக்குப் போகும் பெண்ணைச் சிலந்தி கடித்துவிடும். அவள் சுருண்டு விழுவாள், பேசமாட்டாள், அழுவாள், புரளுவாள். மருந்து ஒன்றே ஒன்றுதான்: இசை. வயலின்காரரையும், நம் கஞ்சிரா மாதிரியான தம்புரின் வாசிப்பவரையும் வீட்டுக்கு அழைத்து வருவார்கள். தரையில் வெள்ளைத் துணி விரிப்பார்கள். வண்ண வண்ண ரிப்பன்களைக் காட்டுவார்கள். எந்த ராகத்துக்கு, எந்த நிறத்துக்கு அவள் உடம்பு அசைகிறதோ, அதுதான் அவளைக் கடித்த சிலந்தியின் ராகம், அதன் நிறம். பிறகு ஆட்டம் தொடங்கும். மணிக்கணக்காக, சில சமயம் நாள்கணக்காக ஆடிக் களைத்து, ‘விஷம் இறங்கிவிட்டது’ என்று எழுந்து உட்காருவாள். ஜூன் 29-ம் தேதி கலத்தினா என்ற ஊரில் உள்ள புனித பவுல் சிற்றாலயத்துக்குப் போய் நன்றி சொல்லி, அங்கிருக்கும் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதும் வழக்கம். உடுக்கைச் சத்தத்துக்கு ஆடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, இதில் பாதி பழகிய காட்சிதான்.

1641-லேயே அத்தனாசியஸ் கிர்ச்சர் என்ற ஜெர்மானியப் பாதிரியார், இந்த விஷமுறிவு இசைக்குச் ஸ்வரக் குறிப்புகளையே அச்சிட்டு வைத்திருக்கிறார். 20-ம் நூற்றாண்டிலும் இது ஓயவில்லை. நார்தோ என்ற ஊரில் லூயிஜி ஸ்டிஃபானி என்று ஒரு முடிதிருத்துபவர் இருந்தார். கடிபட்ட பெண்ணின் வீட்டிலிருந்து ஆள் வந்தால், வயலினை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

1959 கோடையில் எர்னெஸ்டோ டி மார்ட்டினோ என்ற ஆய்வாளர் அங்கே போனார். கூடவே ஒரு மனநல மருத்துவர், ஓர் இசை ஆய்வாளர் என ஒரு குழு. அவர்கள் பார்த்தவற்றில் ஒன்று என்னை உலுக்கியது. ஒரு முறை கடிபட்டவளுக்கு, அடுத்தடுத்த வருடங்களிலும் அதே மாதத்தில் அதே நோய் திரும்ப வந்தது. சிலந்தி மறுபடி கடிக்காமலேயே! எந்த விஷம் காலண்டர் பார்த்து வரும்? ஆடியவர்களில் பெரும்பாலோர் ஏழைப் பெண்கள். பிடிக்காத கல்யாணம், நடக்காமல் போன காதல், கணவனின் சாவு என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று அவர்களுக்குள் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல ஊர் அனுமதிக்கவில்லை. சிலந்தி கடித்தது என்றால் மட்டும், ஊரே கூடி நின்று பார்த்தது. 1961-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பில் உள்ள இத்தாலிய வார்த்தைக்கு ‘மனக்குத்தல்’ என்று பொருள். பிரித்துப் படித்தால் ‘மறுகடி’.

ஓநாய்ச் சிலந்தியின் கடி பெரிய ஆபத்தில்லாதது என்பதையும் சொல்லவேண்டும். அதே வயல்களில் இருக்கும் கரும் விதவைச் சிலந்தி கடித்தால்தான் தசைப்பிடிப்பும் வியர்வையும் உண்டாகும். சில நிஜக் கடிகளும் இந்தக் கதைக்குள் கலந்திருக்கலாம்.

இப்போது ஹோமியோபதிக்கு வருவோம். நலமாக இருப்பவருக்கு எது ஒரு தொல்லையை உண்டாக்குகிறதோ, அதுவே அந்தத் தொல்லை உள்ள நோயாளிக்கு மருந்து என்பது ஹானிமன் சொன்ன விதி. அந்த முறையில் 19-ம் நூற்றாண்டில், மாட்ரிட்டில் இருந்த ஹோசே நூனியெஸ் என்ற மருத்துவர் இந்தச் சிலந்தியைச் சோதித்தார். ‘ஹிஸ்பானிகா’ என்றால் ஸ்பெயினைச் சேர்ந்தது. ஹோமியோபதி நூல்களில் இந்த மருந்துக்கு உள்ள குறிப்புகளைப் படியுங்கள்: கால்கள் ஓரிடத்தில் நிற்காது, இசை கேட்டால் தணியும், சில நிறங்கள் ஆகாது, திடீர்ச் சிரிப்பு, திடீர் அழுகை. தாரந்தோ பெண்ணின் ஆட்டம் அப்படியே மருந்துப் பட்டியலாகிவிட்டது போல இல்லையா? இது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. இன்னொரு குறிப்பு: யாராவது பார்த்தால்தான் வலிப்பு வரும், தனியாக இருந்தால் வராது. படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. யாரும் பார்க்காத இடத்தில் வலியைக் காட்டி அவள் என்ன செய்வாள்?

பலன் உண்டா என்றால், ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2015-ல் இருந்த ஆய்வுகளை எல்லாம் அலசி, ஹோமியோபதி எந்த நோய்க்கும் பலன் தருகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்றது. ஆனால், அரைமணி நேரம் உட்காரவைத்து உங்கள் கதையைக் கேட்கும் டாக்டர் கிடைப்பது சின்ன விஷயம் அல்ல. அந்த ஆறுதல் நிஜம்தான்.

உருண்டைகளை நம்பிக்கொண்டு நாள்களை ஓட்டுவதில்தான் ஆபத்து. இந்தச் சிலந்தி மருந்தைப் பழைய டாக்டர்கள் அதிகம் கொடுத்தது ‘கொரியா’ என்ற நடுக்க நோய்க்கு. ஐந்திலிருந்து பதினைந்து வயதுக்குள், அதிலும் பெண் குழந்தைகளுக்கு அதிகம் வரும். கையிலிருப்பது நழுவும், கையெழுத்து கெடும், முகம் கோணும், தொட்டதற்கெல்லாம் அழுகை. தூங்கினால் நின்றுவிடும். வேண்டுமென்றே செய்கிறாள் என்று வீட்டில் அடி விழும். தொண்டைப் புண் வந்து சில வாரங்களோ மாதங்களோ கழித்து வரும் ருமாட்டிக் காய்ச்சலின் அடையாளம் இது. இதய வால்வைக் கெடுக்கும். எக்கோ பரிசோதனையும், மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை என வருடக்கணக்கில் பென்சிலின் ஊசியும் தேவைப்படும். அதேபோல, கரும் விதவைச் சிலந்தியில் செய்த ‘லாட்ரோடெக்டஸ்’ மருந்து, இடது கைக்குப் பரவும் நெஞ்சு வலிக்கு என்று நூல்களில் இருக்கிறது. அந்த வலி வந்தால் அலமாரியைத் திறக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலும் ‘ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்’ என்ற தொல்லையாக இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவு இதற்கு முக்கியக் காரணம். மாதவிலக்கில் அதிக ரத்தம் போகிறவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதனால்தான் அதிகம் வருகிறது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாமல் ‘ஃபெரிட்டின்’ பரிசோதனையும் கேளுங்கள். உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டுவது அதுதான். சிறுநீரகப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சளி, அலர்ஜி, வாந்தி, மனச்சோர்வு ஆகியவற்றுக்கான சில மாத்திரைகள் இதைக் கிளப்பிவிடும். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களாக எதையும் நிறுத்தவேண்டாம். சாயங்காலத்துக்கு மேல் காபி வேண்டாம். இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால், அதை டீ, காபியோடு விழுங்காதீர்கள். ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடுங்கள். ரிசல்ட் வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.